அளவு நாள்

2018 ஜூலை 3, செவ்வாய்

இன்று ஜூலை மூன்று. எனக்கு எழுபத்திரண்டு வயது, நான்கு மாதம், பதினோரு நாள். ஒப்பந்தப் படிவத்தில் வயதுக்கு இரண்டு கட்டங்கள்தான் விட்டிருந்தார்கள். மாதமும் நாளும் எழுத இடமில்லை. ஆயுள் முழுவதும் பிறருடைய வயதைத் துருவித் துருவிக் கேட்டு எழுதியவள் நான். 'அறுபது இருக்கும்' என்றவர்களை விட்டதே இல்லை. என்னுடையதை இங்கேயாவது முழுமையாக எழுதி வைக்கிறேன்.

நாட்குறிப்பு எழுதும் வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் மதிப்பீட்டாளர் களத்தில் இருக்கும் காலத்தில் தனிக்குறிப்பு ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது, பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த நாட்களில் நான் மாணவர்களுக்கு விதித்த விதி. அவர்கள் யாரும் அதைப் பின்பற்றியதில்லை. நானும்தான்.

வேலை இது. சீர்நாடி என்றொரு திட்டம். ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. காங்கயத்துக்குத் தெற்கே சில சிற்றூர்களில் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் ஒருமுறை ஊருக்கே போய் மாத்திரை கொடுத்து, அழுத்தம் அளந்து, எண்ணைக் கைபேசியில் ஏற்றுகிறார்கள். மூன்றாண்டுகளாக எண்கள் பிரமாதமாக இருக்கின்றன. இனி ஐந்து மாவட்டங்களுக்கு விரிக்கப் போகிறார்கள். அதற்கு முன் வெளியார் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அந்த வெளியார் நான். கடிதம் இதைச் 'சுதந்திரமான மதிப்பீடு' என்கிறது. கார் அவர்களுடையது; ஓட்டுநர் அவர்களுடையவர்; எந்த ஊருக்கு எந்த நாளில் போவது என்பதும் அவர்கள் எழுதிக் கொடுத்தது. மதியச் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்றார்கள். தயிர்ச்சோறு நானே கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். சுதந்திரம் எங்கேயாவது ஓரிடத்தில் தொடங்க வேண்டும்.

அவர்கள் தராத எண் ஒன்றையும் கேட்டு வாங்கினேன். அந்த ஊர்களிலிருந்து பக்கவாதத்துடன் அரசு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. மூன்றாண்டுகளில் அது குறையவே இல்லை. எல்லோருக்கும் அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஆனால் வாதம் வருவது நிற்கவில்லை. இரண்டும் ஒரே ஊரைப் பற்றிய உண்மைகளாக இருக்க முடியாது.

மாலையில் அலமாரியிலிருந்து பாதரச அழுத்தமானியை எடுத்துத் துடைத்தேன். சபேசனுக்காக வாங்கியது. சபேசன் என் கணவர். கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். போய் எட்டாண்டுகள் ஆகின்றன. பாதரசம் இன்னமும் தடங்கலில்லாமல் ஏறி இறங்குகிறது. அறக்கட்டளையின் மின்கருவிகளை நம்பாமல் இதையே கொண்டுபோகிறேன்.

ஜூலை 9, திங்கள்

கோவையிலிருந்து, திட்ட ஊர்களில் ஒன்றான சடையவலசு வரை இரண்டு மணி நேரம். ஓட்டுநர் முபாரக் வழியெல்லாம் பேசினார். தமக்கு அழுத்தமே கிடையாது என்றும், அதைத் தம் மனைவிக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

ஒன்பதாம் தேதி அந்த ஊரின் 'அளவு நாள்'. எனக்கு முன்பே ஊர் அந்தப் பெயரை வைத்துவிட்டிருந்தது. பால் சங்கத் தாழ்வாரத்தில் வரிசை. குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த துணி உடுத்தி, புகைப்படம் எடுக்க வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். அளப்பவள் பூங்கோதை. முப்பது வயதிருக்கும். லாரி மோதிப் போன கணவன், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்பிள்ளை, பழைய மொபட், ஏழு ஊர்கள். ஒவ்வொருவர் பெயரும் அவள் நாவில் இருக்கிறது. கை நீட்டியவர்கள் தம் கையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். எண் வந்ததும் அவள் முகம் மலர்ந்தால் அவர்களும் மலர்ந்தார்கள்.

என் பாதரசத்தை வைத்து மறுபடி அளந்தேன். மின்கருவி பொய் சொல்லவில்லை. நூற்றிருபத்தெட்டு, நூற்றிருபத்தாறு, நூற்றுமுப்பது. சென்னையில் வசதியான குடியிருப்பு ஒன்றில்கூட இத்தனை ஒழுக்கமான எண்களை நான் கண்டதில்லை.

தேங்காய்க் களத்தில் வேலை செய்யும் தெய்வாத்தாள் என்றொருத்தி, வயது ஐம்பத்தாறு, என் கருவியைப் பார்த்துவிட்டு, "இது என்னங்கம்மா, நம்ம காலத்து ஆளாட்ட இருக்குது" என்றாள். அதே காலத்து ஆள்தான் என்றேன். சிரித்தாள். அவளுக்கு நூற்றிருபத்தாறு.

மாதக் கூட்டத்தில் எண் ஏறிய ஊரின் பணியாளரைக் காரணம் கேட்டு எழுந்து நிற்கச் சொல்வார்களாம். பூங்கோதையை இதுவரை நிற்கச் சொன்னதில்லை. இதைச் சொன்னது அவளல்ல, ஊர். பெருமையாகச் சொன்னார்கள்.

ஜூலை 10

குறிப்புகளைப் பிரதி எடுத்தேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. எண்களில் ஒரு குறையும் இல்லை, அதுதான் குறை.

ஜூலை 19, வியாழன்

இன்றைக்கு எழுதிக் கொடுத்திருந்த ஊரில் ஒரு சாவு. பறையொலி கேட்டதுமே முபாரக் வண்டியைத் திருப்பிவிட்டார். நேரே வீட்டுக்குப் போவதென்றால் என் தயிர்ச்சோற்றை எங்கே உண்பது? சடையவலசு வழியில்தான் இருந்தது. பால் சங்கத்தில் நிழல் உண்டு என்றேன். இந்த மதிப்பீட்டில் நான் சுதந்திரமாக எடுத்த இரண்டாவது முடிவு இது. இதற்கும் காரணம் தயிர்ச்சோறுதான்.

நான் கருவிப் பெட்டியோடு இறங்கியதைக் கண்டதும் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மரியாதைக்காக அல்ல, போய்விடுவதற்காக. நாச்சிமுத்து என்று ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர். பால் ஊற்ற வந்தவர். இரண்டு கைகளையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, "இன்னைக்கு அளவு நாளு இல்லீங்களே" என்றார். அதனால் என்ன என்றேன். அவர் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். பயணச்சீட்டில்லாதவன் நடத்துநரைப் பார்ப்பதுபோல, ஒரு நடத்துநர் என்னைப் பார்த்தார். கடைசியில் நான் கிழவி என்பதற்காகக் கையைக் கொடுத்தார்.

நூற்றெழுபத்தெட்டு.

கருவி பழுதென்று நினைத்தேன். எனக்கே அளந்துகொண்டேன், வழக்கமான எண். முபாரக்குக்கு அளந்தேன், அவர் மனைவிக்கு அவர் எதையும் கொடுத்துவிடவில்லை என்று தெரிந்தது, ஆனாலும் கருவி சரி. பிறகு அகப்பட்ட ஒன்பது பேருக்கு அளந்தேன். எல்லாம் நூற்றறுபதுக்கு மேல். அவர்களில், களத்திலிருந்து அப்படியே வந்த தெய்வாத்தாளை அரை மணி நேரம் உட்காரவைத்து அளந்தேன். நூற்றுத்தொண்ணூற்று நான்கு. பாதரசம் அத்தனை உயரம் ஏறி நான் பார்த்து வெகுநாளாகிறது.

அவர்களுக்கு என்மேல் வருத்தம். நாச்சிமுத்து அதை வாய்விட்டுச் சொன்னார்: "நாலு நாளு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியுட்டிருந்தீங்கன்னா, நல்ல அளவாக் குடுத்திருப்பமுங்களே."

அந்த வாக்கியம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏன் உடனே புரிந்தது என்பது இந்தக் குறிப்புக்கு வேண்டாத விஷயம்.

மீதியைத் தெய்வாத்தாள் தன் வீட்டில் வைத்துச் சொன்னாள். மாத்திரை போட்டால் கால் வீங்குகிறது. வெயிலில் களத்தில் நின்றால் கிறக்கமாக வருகிறது. போடாவிட்டால் ஒன்றும் செய்வதில்லை. ஆகவே போடுவதில்லை. ஆனால் ஒன்பதாம் தேதி பூங்கோதை வருகிறாள். ஐந்தாம் தேதி ஆனதும் யாராவது ஒருவர் பால் சங்கத்தில் ஞாபகப்படுத்துகிறார். அன்றிலிருந்து ஊரே போட ஆரம்பிக்கிறது. ஒன்பதாம் தேதி கை நீட்டியதும் நிறுத்திவிடுகிறது.

இது ஏமாற்று இல்லையா என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. விருந்தினரை உதாரணம் காட்டினாள்.

"ஒறம்பரை வாராங்கன்னா ஊட்டக் கூட்டி வெக்கறதில்லீங்களா? அது மாதிரித்தானுங்க. அந்தப் புள்ள தாலியறுத்துப்போட்டு ஏழூரு சுத்துது. நம்மளால அதுக்கு ஒரு கெட்ட பேரு வரலாமுங்களா?"

மிச்ச மாத்திரைகள் ஓர் அலுமினியத் தூக்குப்போசியில் இருந்தன, அட்டை அட்டையாக, மூடி மூடாத அளவுக்கு. ஏன் எறியவில்லை என்று கேட்டேன். மருந்தை எறிந்தால் பாவம் என்றாள். வேண்டுமானால் நான் எடுத்துப்போய்த் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்றாள்.

ஜூலை 20

குழாய் பழுது பார்ப்பவர் வரவில்லை.

ஜூலை 24, செவ்வாய்

மதிப்பீட்டாளர் மருத்துவம் பார்க்கக் கூடாது. ஊரில் எதையும் மாற்றக் கூடாது. பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். இதை நான் நாற்பதாண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இன்று என் செலவில் பேருந்து ஏறித் தெய்வாத்தாள் வீட்டுக்குப் போனேன்.

நூற்றுத்தொண்ணூற்று நான்கு என்றால் என்ன என்பதை நாகரிகமில்லாமல் சொன்னேன். வாய் கோணும், கை விழும், படுத்த படுக்கையில் மலம் போகும், பல்லடத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து அள்ள வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டே தேங்காய்ப் பருப்பைக் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். கால் வீக்கத்துக்கு வேறு மாத்திரை உண்டு, அரசு மருத்துவரிடம் கேள் என்றேன். களத்துக்கு ஒரு நாள் போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்றாள். பிறகு அவள் என்னைக் கேட்க ஆரம்பித்தாள்.

"உங்க ஊட்டுக்காரருங்கம்மா?"

"இல்லை. போய்விட்டார்."

"என்ன சீக்குங்க?"

"இதேதான். மூளையில் இரத்தக் கசிவு."

கத்தி நின்றது. "மாத்தரை சாப்புடலீங்களா?"

"சாப்பிட்டார்."

"படிச்சவிய நீங்க. பக்கத்துலயே இருந்து குடுத்திருப்பீங்க."

"மாதாமாதம் நானே அளந்தேன்."

கத்தியை மறுபடி பருப்புக்குள் செலுத்தினாள். பிறகு என்மேல் இரக்கப்பட்டு ஆறுதல் சொல்பவளைப் போல, "போச்சாது போங்க. வரோணும்னா வந்துதானுங்களே தீரும்" என்றாள்.

நாளும் தவறாமல் போடுவேன் என்று நான் எழும்போது சொன்னாள். நான் கேட்க விரும்பிய விடை அது. கொடுத்தாள்.

ஆகஸ்ட் 5, முதல் ஞாயிறு

அளக்க ஆள் இல்லை. கருவியைத் துடைத்து மூடினேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

சடையவலசில் அளவு நாள். வெளுத்த துணி, எண்ணெய்த் தலை, வரிசை. தெய்வாத்தாள் முன்னால் வந்து உட்கார்ந்து, பூங்கோதையிடம் ஒரு கையையும் என்னிடம் மற்றக் கையையும் நீட்டினாள். இரண்டிலும் நூற்றிருபத்தெட்டு. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இந்த எண்ணுக்கு என்ன பொருள்? நாள்தோறும் போட்டாளா, ஐந்தாம் தேதியிலிருந்து போட்டாளா? கேட்டால் எனக்குப் பிடித்த விடையைச் சொல்வாள். சொல்லாமல் போய் அளக்கலாம். ஒரு தடவை உண்மை கிடைக்கும். மறுதடவை 'அந்தம்மா எப்ப வேணாலும் வரும்' என்று ஊர் தயாராகிவிடும். நான் போகாத நாளில் அவளுடைய அழுத்தம் என்ன என்பதை, போகாமல் நான் அறியும் வழி இல்லை. இந்தத் துறையில் ஆயுளைக் கழித்தவள் எழுதும் வாக்கியமா இது என்று மறுபடி படித்துப் பார்த்தேன். இதுதான்.

எல்லோரும் போன பிறகு பூங்கோதையிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவள் முகத்தைப் பார்த்தே எழுதுகிறேன்; வேறு சான்று இல்லை. கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, எனக்கோசரந்தான் முழுங்கினாங்களா, மேடம்? அவங்களுக்கோசரம் இல்லீங்களா?"

இனி ஊருக்கு இரண்டு நாளுக்கொரு தடவை வருவேன் என்றாள்; ஏழு ஊர், ஒரு மொபட் என்று அவளே கணக்குப் போட்டு நிறுத்திக்கொண்டாள். அறிக்கையில் இதை எழுதியாக வேண்டும் என்றேன். தலையை அசைத்தாள்.

"எழுதுங்க. ஊர்க்காரங்க பொய் சொன்னாங்கன்னு மட்டும் எழுதிறாதீங்க. அவங்க பொய் சொல்லலீங்க."

ஆகஸ்ட் 14, செவ்வாய்

அறிக்கை முடிந்தது. எழுபது பக்கம். அதில் எனக்கு வேண்டியது ஒரே வாக்கியம். முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 'அளவீட்டு நாளில் காணப்படும் அழுத்தம், அம்மக்களின் பிற நாட்களின் அழுத்தத்தைக் காட்டவில்லை; இத்திட்டம் அளவீட்டைச் சீர்படுத்தியுள்ளது, நோயைச் சீர்படுத்தியதற்குச் சான்றில்லை.' அந்த வாக்கியம் முதல் பக்கத்தில் நின்றால் ஐந்து மாவட்டங்களுக்கு இதே முறை போகாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, மாத்திரையை வயிற்றுக்குள் சேர்ப்பது எப்படி என்று யோசிப்பார். நிற்காவிட்டால் ஐந்து மாவட்டங்களிலும் ஒறம்பரைக்கு வீடு கூட்டுவார்கள்.

ஊர்ப்பெயர் எழுதவில்லை. பணியாளர் பெயரும் இல்லை. ஆனால் அவர்கள் கொடுத்த அட்டவணை ஊர்களில் இரண்டு தடவைக்கு மேல் நான் போன ஊர் ஒன்றுதான் என்பதை முபாரக்கின் வண்டிக் கணக்கே சொல்லிவிடும். இது இப்போதுதான் உறைக்கிறது.

ஆகஸ்ட் 17

திட்ட இயக்குநர் சஞ்சீவ் தொலைபேசியில் பேசினார். நாற்பது வயது, இனிமையான குரல். அறிக்கை மிகச் சிறப்பு என்றார். மூன்று தடவை சொன்னார். எனக்குக் கலக்கமாயிற்று.

ஆகஸ்ட் 27, திங்கள்

கோவையில் ஒரு விடுதியின் குளிரூட்டப்பட்ட அறை. பதினைந்து பேர், முந்திரிப் பக்கோடா. சுவரில் பெரிய எழுத்தில் திட்டத்தின் வெற்றிச் சதவீதம். என் அறிக்கையிலிருந்து எடுத்தது. என்னுடைய எண்தான். அளவு நாளில் நான் சரிபார்த்த எண்.

என் வாக்கியத்தைப் படித்தேன். சஞ்சீவ் மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"மேடம், அந்த ஜூலை பத்தொன்பது விசிட் நம்ம நெறிமுறையில இல்ல. ஒரு ஊர், பத்துப் பேர், மதிய வெயில், அவங்க வேலையிலேருந்து நேரா வந்திருக்காங்க. நெறிமுறைக்கு வெளியில எடுத்த அளவை முடிவுல சேர்க்கக் கூடாதுன்னு உங்க புத்தகத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. நான் அதைப் படிச்சுத்தான் பாஸ் பண்ணேன்."

எழுதியிருக்கிறேன். ஆறாம் அதிகாரம். சரியான விதி. தமக்குப் பிடித்த தற்செயலை முடிவாக்குகிறவர்களிடமிருந்து எண்களைக் காப்பாற்ற எழுதியது. அவர் அதை என்மேல் பயன்படுத்தியதில் குற்றம் காண எனக்கு வழியில்லை. பக்கவாதம் குறையாத எண்ணைக் காட்டினேன். மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கூடியிருக்கலாம், விழிப்புணர்வு வளர்ந்திருக்கலாம் என்றார்கள். இருக்கலாம்தான்.

பிறகு அவர் கேட்டார். குதர்க்கமாகக் கேட்கவில்லை, நான் தப்பிக்க ஒரு வழி கொடுப்பவரைப் போலக் கேட்டார்: "ஊர்ல சொல்ற பேச்சை விடுங்க. மாசக்கணக்கா மருந்து சாப்பிடாம, அளக்கற நாளுக்கு மட்டும் சாப்பிட்டு, எப்பவும் நல்ல அளவு காட்ட முடியும்னு ஒரே ஒருத்தர் விஷயத்துலயாவது உங்ககிட்ட முழுச் சான்று இருக்கா மேடம்? ஒருத்தர் போதும். முதல் பக்கத்துலயே வெச்சுக்கலாம்."

"இல்லை" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

முடிவுகள்: திட்டம் ஐந்து மாவட்டங்களுக்கு விரியும். என் வாக்கியம் ஏழாம் பின்னிணைப்பில், 'களச் சூழல் பற்றிய சில அவதானங்கள்' என்ற தலைப்பின் கீழ் இடம்பெறும். என் கவலைக்கு மதிப்பளித்து, இனி மாதம் இருமுறை அளப்பார்கள். மக்களின் வசதிக்காக, எந்த நாள் என்பது ஐந்து நாட்களுக்கு முன்பே குறுஞ்செய்தியில் அறிவிக்கப்படும். சிரிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சடையவலசுக்கு வேறு பணியாளரை மாற்றவிருப்பதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். எனக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். முபாரக்கின் மனைவிக்கு அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 30

குழாய் சரியாயிற்று. இப்போது அடுத்த அறைக் குழாய்.

செப்டம்பர் 1, சனி

காலையில் பூங்கோதையிடமிருந்து தொலைபேசி. வேலையைப் பற்றி இருக்கும் என்று எண்ணிக் கடுமையாக இருக்க ஆயத்தப்பட்டேன். வேலையைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. நேற்றுக் களத்தில் காயப்போட்ட பருப்பைத் துழாவிக்கொண்டிருக்கும்போது தெய்வாத்தாள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

"உங்களுக்குச் சொல்லோணும்னு தோணுச்சுங்க, மேடம்" என்றாள். பிறகு, "அஞ்சாந்தேதிக்கு இன்னும் நாளிருந்துச்சு" என்றாள்.

செப்டம்பர் 2, முதல் ஞாயிறு

மருத்துவமனைக்குப் போனேன். பெண்கள் பகுதியில் கடைசிக் கட்டில். நான் நாகரிகமில்லாமல் சொன்னவை எல்லாம் வரிசை மாறாமல் நடந்திருந்தன. வாய் கோணியிருந்தது. பல்லடத்து மகள் சரசு துணி அலசிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டு கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டாள். பூங்கோதை கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

தெய்வாத்தாளுக்கு நினைவு இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. சிறிது நேரம் பார்த்தாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து இடக்கையை மெல்ல வெளியே எடுத்து, உள்ளங்கையை மேலே திருப்பி, என் பக்கம் நீட்டினாள்.

நான் கருவி கொண்டுபோகவில்லை. அவளுக்கு அது விளங்கவில்லை. கை அப்படியே இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன முகம் காட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை. பூங்கோதைதான் எழுந்துவந்து, "நல்லா இருக்குதுங்கக்கா, நூத்தி இருவத்தெட்டு" என்று சொல்லி, கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள்.

வெளியே வரும்போது சரசு கூடவே வந்தாள். குறை சொல்ல வரவில்லை. அழுத முகத்தோடு விவரம் சொன்னாள். "போன மாசம் ஃபோன்ல நானுஞ் சொன்னனுங்க, மாத்தரைய நெதமும் போடு ஆத்தான்னு. எங்கம்மா கேக்கலீங்க. 'கோயமுத்தூரு டீச்சரம்மா ஊட்டுக்காரரு ஒரு நாளு தவறாமச் சாப்புட்டாராம், அந்தம்மாளே அளந்து அளந்து பாத்துச்சாம், அப்பிடியும் போயிட்டாராம். நாம சாப்புட்டு என்னத்தப் புள்ள ஆவுது'ன்னு சொல்லிப்போடுச்சுங்க. அளவு நாளுக்கு மட்டும் போட்டுக்கறேன், அந்தப் புள்ளைக்கும் டீச்சரம்மாளுக்கும் மனசு நோவக் கூடாதுன்னுச்சுங்க."

பேருந்தில் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, இதை எழுதுகிறேன்.

சபேசன் மாத்திரை சாப்பிடவில்லை.

அவர் போய் இருபது நாட்களுக்குள் அவருடைய பூப்பந்து மட்டைப் பையைக் காலி செய்தேன். பந்துகள் வைக்கும் நீள டப்பாவுக்குள் பந்துகள் இல்லை. மாத்திரை அட்டைகள் சுருட்டிச் சுருட்டி அடைக்கப்பட்டிருந்தன. மாதத்துக்கு இரண்டு அட்டை. ஒன்று முழுதாக, மற்றொன்றில் நான்கு குழி மட்டும் உடைந்து. மாதத்தின் முதல் ஞாயிறு காலை, காப்பிக்கு முன்னால், நான் அவருக்கு அளப்பேன். எண்ணை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிய வரைதாளில் புள்ளி வைப்பேன். வியாழனிலிருந்து போட்டால் ஞாயிற்றுக்கு நூற்றிருபத்தெட்டு வந்துவிடும் என்பதை, தாவரவியல் படித்தவர், தானே கண்டுபிடித்திருக்கிறார். புள்ளிகள் நேர்கோட்டில் இருந்தன. அதைப் பார்த்து நான் மகிழ்வேன். நான் மகிழ்வதை அவர் பார்ப்பார்.

மருத்துவர் கேட்டபோது, ஒழுங்காகச் சாப்பிட்டார் என்றேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னேன், சபேசனின் தம்பியிடம் சொன்னேன். எட்டாண்டுகளில் அது எனக்கே பழகிவிட்டது. தேங்காய்ப் பருப்பு நெம்பிக்கொண்டிருந்தவள் கேட்டபோதும் அதுவே வாயில் வந்தது.

ஒரே ஒருவர் விஷயத்திலாவது முழுச் சான்று உண்டா என்று சஞ்சீவ் கேட்டார். உண்டு. அட்டைகள் அந்த டப்பாவிலேயே, அலமாரியின் மேல்தட்டில், அழுத்தமானிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மருந்தை எறிய எனக்கும் மனம் வரவில்லை.